இயந்திரம் பார்க்கட்டும், டாக்டர் சொல்லட்டும்

மருத்துவரின் கையில் உள்ள கருவி ஒவ்வொன்றுக்கும் ஒரு பிறந்த தேதி உண்டு. 1816-ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டு மருத்துவர் லென்னக், காகிதத்தைக் குழாய்போலச் சுருட்டி நோயாளியின் மார்பில் வைத்துக் கேட்டார், ஸ்டெதஸ்கோப் பிறந்தது. 1895-இல் ஜெர்மானிய அறிஞர் ராண்ட்ஜன் எக்ஸ் கதிர்களைக் கண்டுபிடித்தார். கத்தி வைக்காமலே உடலின் உள்ளே பார்க்க முடிந்தது. இவை டாக்டரின் காதையும் கண்ணையும் கூர்மையாக்கிய கருவிகள். கேட்டதையும் பார்த்ததையும் வைத்து 'இது இன்ன நோய்' என்று முடிவு சொன்னவர் மனிதர்தான்.

இப்போது வந்திருக்கும் கருவி அப்படிப்பட்டதன்று. செயற்கை நுண்ணறிவு என்று பெயர் பெற்ற கணிப்பொறி நிரல், எக்ஸ்ரே படத்தைப் பார்த்துவிட்டு 'இந்த இடத்தில் புற்றுநோய் இருக்கலாம்' என்று தானே கருத்துச் சொல்கிறது. கருவி கருத்துச் சொல்லத் தொடங்கினால், அதை நம்புவதா வேண்டாமா என்ற கேள்வி எழுவது இயல்பு அல்லவா?

இந்தக் கேள்வியைப் பற்றிப் பொறியாளர்களும் மருத்துவர்களும் நிறையப் பேசியிருக்கிறார்கள். கட்டிலில் படுத்திருப்பவர் என்ன நினைக்கிறார்? அவருக்குப் பக்கத்தில் நாற்காலியில் இரவெல்லாம் விழித்திருப்பவர் என்ன நினைக்கிறார்? இதையும் விஞ்ஞான முறைப்படி கேட்டறிந்திருக்கிறார்கள். அந்த விடைகளை இக்கட்டுரையில் காண்போம். முதலில், இந்தக் கருவி எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

கணிப்பொறி எப்படிக் கற்கிறது?

காகமும் கறுப்பு, ஆண் குயிலும் கறுப்பு. இரண்டையும் பிரித்தறிய நீங்கள் எப்படிக் கற்றீர்கள்? அலகின் நீளம் இத்தனை, கண்ணின் நிறம் இன்னது என்று யாரும் உங்களுக்கு விதி எழுதித் தரவில்லை. பல முறை பார்த்தீர்கள். தவறாகச் சொன்னபோது பெரியவர்கள் திருத்தினார்கள். நாளடைவில் பார்த்தவுடனே தெரிந்துவிட்டது.

கணிப்பொறியும் ஏறக்குறைய இப்படித்தான் பழக்கப்படுத்தப்படுகிறது. ஒரு படம் என்பது கணிப்பொறிக்கு எண்களின் வரிசை. ஒவ்வொரு புள்ளியின் வெளிச்சமும் ஓர் எண். அந்த எண்களைப் பெருக்கியும் கூட்டியும் நிரல் ஒரு விடை தருகிறது. சரியான விடையோடு அதை ஒப்பிட்டு, பிழை இருந்தால் பெருக்கும் எண்களைச் சற்றே மாற்றிக்கொள்கிறது. ஆயிரக்கணக்கான படங்களை வைத்து இதையே இலட்சக்கணக்கான முறை செய்தால், பிழை குறைந்துகொண்டே வருகிறது.

2017-இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தோல் நோய்ப் படங்கள் 1,29,450-ஐக் கொண்டு ஒரு நிரலைப் பழக்கினார்கள். தோல் புற்றுநோயை அடையாளம் காண்பதில் அது 21 தோல் மருத்துவர்களுக்கு ஈடாக நின்றது. உலகமே வியந்தது.

ஆனால் ஒரு வேடிக்கையும் நடந்தது. சந்தேகத்துக்குரிய மச்சத்தைப் படம் எடுக்கும்போது, அதன் அளவு தெரிவதற்காக மருத்துவர்கள் பக்கத்தில் ஓர் அளவுகோலை வைப்பார்கள். சாதாரண மச்சத்துக்கு அப்படி வைப்பதில்லை. ஆகவே, படத்தில் அளவுகோல் தெரிந்தால் 'புற்றுநோய்' என்று சொல்லும் போக்கு நிரலுக்கு வந்துவிட்டது! இதை அந்த ஆய்வாளர்களே 2018-இல் வெளிப்படையாக எழுதினார்கள். நிரல் பொய் சொல்லவில்லை. நாம் கற்பித்தது ஒன்று, அது கற்றது வேறொன்று. இந்த அளவுகோலை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

99.5 சதவீதம் சரி, ஆனால் பயன் இல்லை

இப்போது ஒரு சிறு கணக்கு. அறிகுறி எதுவும் இல்லாத பெண்கள் 1,000 பேருக்கு மார்பக எக்ஸ்ரே படம் எடுக்கிறோம். அவர்களுள் 5 பேருக்குப் புற்றுநோய் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு மரக்கட்டையை மேசைமேல் நிறுத்தி, அதன்மேல் 'நோய் இல்லை' என்று எழுதி ஒட்டிவிடுங்கள். 1,000 பேருக்கும் அது ஒரே பதிலைத்தான் சொல்லும். 995 பேர் விஷயத்தில் அது சரி, அதாவது 99.5 சதவீதம் சரி! ஆனால் கண்டுபிடிக்க வேண்டிய 5 பேரில் ஒருவரைக்கூட அது கண்டுபிடிக்கவில்லை.

ஆகவே 'இந்த இயந்திரம் 99 சதவீதம் சரியாகச் சொல்லும்' என்ற விளம்பரத்தை மட்டும் கேட்டு மயங்கிவிடக் கூடாது. நோயுள்ளவர்களில் எத்தனை பேரைப் பிடித்தது, நோயில்லாதவர்களில் எத்தனை பேரை வீணாகப் பயமுறுத்தியது என்ற இரண்டு கேள்விகளையும் தனித்தனியே கேட்க வேண்டும்.

இப்படி முறையாகக் கேட்ட ஒரு பெரிய சோதனை சுவீடன் நாட்டில் நடந்தது. அங்கே மார்பகப் படம் ஒவ்வொன்றையும் இரண்டு கதிரியல் வல்லுநர்கள் தனித்தனியே பார்ப்பது வழக்கம். 2021 முதல் 2022 வரை 1,05,934 பெண்களைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவில் பழைய வழக்கமே தொடர்ந்தது. மற்றப் பிரிவில் கணிப்பொறி முதலில் படத்தைப் பார்த்து 1 முதல் 10 வரை மதிப்பெண் இட்டது. மிக உயர்ந்த மதிப்பெண் பெற்ற படங்களை இரண்டு வல்லுநர்களும், மற்றவற்றை ஒரு வல்லுநரும் பார்த்தார்கள்.

2025-இல் வெளிவந்த முடிவு இது: பழைய முறையில் 1,000 பெண்களுக்கு 5 பேரிடம் புற்றுநோய் கண்டறியப்பட்டது, கணிப்பொறி சேர்ந்த முறையில் 6.4 பேரிடம். வீணான பயமுறுத்தல் குறிப்பிடத்தக்க அளவு கூடவில்லை. வல்லுநர்கள் படம் பார்க்கும் வேலையோ 44 சதவீதம் குறைந்தது.

நல்ல செய்திதான். ஆனால் ஒன்றைக் கவனித்தீர்களா? இந்தச் சோதனையில் மனிதக் கண் படாத படம் ஒன்றுகூட இல்லை. கணிப்பொறி வரிசைப்படுத்திக் கொடுத்தது. முடிவு சொன்னது மனிதர்.

நோயாளிகள் சொன்ன பதில்

2019-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் ஆய்வாளர்கள் 48 பேரை ஒவ்வொருவராக அமரவைத்து விரிவாகப் பேட்டி கண்டார்கள். மெலனோமா என்னும் கொடிய தோல் புற்றுநோய்க்கு ஆளானவர்கள், வேறு வகைத் தோல் புற்றுநோய்க்கு ஆளானவர்கள், தோல் புற்றுநோயே வராதவர்கள் என மூன்று பிரிவிலும் 16 பேர் இருந்தார்கள். தோல் புற்றுநோயைக் கண்டறியச் செயற்கை நுண்ணறிவைப் பயன்படுத்தலாமா என்பது கேள்வி.

'இதன் பலம் என்ன?' என்றதற்கு 33 பேர், 'நோயை இன்னும் துல்லியமாகக் கண்டறியும்' என்றார்கள். 'பலவீனம் என்ன?' என்றதற்கு 41 பேர், 'துல்லியம் குறைந்துவிடலாம்' என்றார்கள்! மேலெழுந்தவாரியாகப் பார்த்தால் இது முரண்பாடு. ஆழ்ந்து பார்த்தால் இதில் முரண்பாடு இல்லை. ஒரே கருவி ஓரிடத்தில் டாக்டரைவிட நன்றாகப் பார்க்கும், மற்றோரிடத்தில் அளவுகோலைக் கண்டு ஏமாறும் என்று நாம் முன்பே பார்த்தோம் அல்லவா? ஆய்வுக்கட்டுரை எதையும் படிக்காமலே நோயாளிகள் இதை ஊகித்திருக்கிறார்கள்.

அந்த 48 பேரில் 36 பேர், உற்றார் உறவினருக்கு இக்கருவியைப் பரிந்துரைப்போம் என்றார்கள். 45 பேர், மனிதரும் கருவியும் சேர்ந்து இயங்குவது முக்கியம் என்றார்கள்.

இன்னும் சுவையான கேள்வி ஒன்று உண்டு. டாக்டர் ஒன்று சொல்கிறார், கருவி வேறொன்று சொல்கிறது. நீங்கள் யாரை நம்புவீர்கள்? மூன்றில் இரண்டு பங்கினர் சொன்ன பதில்: 'திசுச் சோதனை செய்து பார்த்துவிடுவோம்.' இரண்டு கருத்துகள் மோதும்போது ஆளைப் பார்த்து முடிவு செய்யாமல், மச்சத்தின் சிறு துணுக்கை வெட்டி எடுத்து நுண்ணோக்கியில் பார்த்துத் தீர்த்துக்கொள்ளலாம் என்கிறார்கள். இதைவிடச் சிறந்த விஞ்ஞான மனப்பான்மை வேறு உண்டா?

48 பேர் என்பது சிறிய எண்ணிக்கை. பெரிய கணக்கெடுப்புகளும் நடந்துள்ளன. 2022 டிசம்பரில் அமெரிக்காவின் பியூ ஆய்வு நிறுவனம் 11,004 பேரிடம் கேட்டது. 'உங்கள் டாக்டர் செயற்கை நுண்ணறிவை நம்பி நோயறிந்து சிகிச்சை சொன்னால் எப்படி இருக்கும்?' என்றதற்கு, நூற்றுக்கு 60 பேர் சங்கடமாக இருக்கும் என்றார்கள். ஆனால் 'உங்களுக்குத் தோல் புற்றுநோய்ச் சோதனை செய்ய அதைப் பயன்படுத்தலாமா?' என்றபோது நூற்றுக்கு 65 பேர் சரி என்றார்கள்! பொதுவாகக் கேட்டால் தயக்கம். குறிப்பிட்ட ஒரு வேலையைச் சொல்லிக் கேட்டால் சம்மதம்.

நெதர்லாந்து நாட்டில் 922 பெண்களிடம் மார்பகப் படச் சோதனை பற்றிக் கேட்ட ஆய்வு 2021-இல் வெளிவந்தது. கதிரியல் வல்லுநர் யாருமின்றிக் கணிப்பொறி மட்டுமே முடிவு சொல்வதை அவர்களில் சுமார் 78 சதவீதத்தினர் ஏற்கவில்லை.

இம்மூன்று ஆய்வுகளையும் அருகருகே வைத்துப் பார்த்தால், மக்கள் 'இயந்திரம் வேண்டாம்' என்று சொல்லவில்லை என்பது விளங்கும். 'இயந்திரத்தை அதற்குரிய இடத்தில் வையுங்கள்' என்றுதான் சொல்கிறார்கள்.

'என் உடம்பு வேறு'

நோயாளிகளின் தயக்கத்துக்குக் காரணம் என்ன? 2019-இல் வெளியான ஓர் ஆய்வில் லொங்கோனி, பொனேட்சி, மோர்வெட்ஜ் ஆகிய மூவரும் ஒரு முக்கியமான காரணத்தைக் கண்டார்கள். 'நான் மற்றவர்களைப் போன்றவன் அல்லன். என் உடம்பு தனி. இயந்திரம் எல்லோரையும் ஒரே அச்சில் வார்த்துவிடும்' என்று மனிதர்கள் எண்ணுகிறார்கள். ஒவ்வொருவருக்கும் ஏற்றபடி கருவி ஆய்வு செய்யும் என்று விளக்கியபோதும், கருவி உதவி மட்டுமே செய்யும், முடிவு டாக்டருடையது என்று சொன்னபோதும் அந்த எதிர்ப்பு தணிந்தது.

'இதெல்லாம் வெறும் மனப்பிராந்தி' என்று சிலர் ஒதுக்கலாம். அப்படி ஒதுக்க முடியாது என்பதற்குச் சான்று இருக்கிறது. ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் பல நிறத் தோல் கொண்டவர்களின் படங்கள் 656-ஐச் சேகரித்து, பெயர்பெற்ற நிரல்களிடம் கொடுத்தார்கள். முடிவு 2022-இல் வெளியாயிற்று. வெளிர் நிறத் தோலைவிடக் கருநிறத் தோலில் அந்நிரல்கள் கூடுதலாகத் தடுமாறின. காரணம் எளியது. அவை பழகிய படங்களில் கருநிறத் தோல் மிகக் குறைவு. காகத்தை மட்டுமே பார்த்து வளர்ந்த குழந்தைக்குக் குயிலைத் தெரியுமா?

மாநிறமும் கருநிறமும் கொண்ட நமக்கு இது தூரத்துச் செய்தி அன்று. 'என் உடம்பு வேறு' என்று நம்மில் ஒருவர் சொன்னால், அது அறியாமையால் வரும் பேச்சல்ல; இயந்திரத்தின் உண்மையான பலவீனத்தைத் தொடும் கேள்வி. அதே ஆய்வில் ஓர் ஆறுதலும் உண்டு. பல நிறத் தோல்களின் படங்களைக் கொடுத்து மீண்டும் பழக்கியபோது அந்த வேறுபாடு மறைந்தது. ஆக, குறையைச் சுட்டிக்காட்டினால் திருத்த முடியும். சுட்டிக்காட்டுவதற்கு யாராவது கேட்க வேண்டும்.

பக்கத்து நாற்காலியில் இருப்பவர்

புற்றுநோய் ஒருவருக்கு வந்தாலும் அதன் பாரம் குடும்பம் முழுவதன்மேலும் இறங்குகிறது. மருந்து வேளையை நினைவில் வைப்பவர், பணத்துக்கு அலைபவர், டாக்டர் சொன்னதை வீட்டில் விளக்குபவர் என்று உடனிருப்போரின் வேலைகள் பல. ஆனால் ஆய்வுகளில் இவர்களைத் தேடிச் சென்று கேட்பது குறைவு.

குழந்தைகளின் பெற்றோர் 804 பேரிடம் அமெரிக்காவில் நடந்த ஓர் ஆய்வு 2020-இல் வெளிவந்தது. அது புற்றுநோய்க்கு மட்டும் உரியதன்று. குழந்தை மருத்துவம் முழுவதற்கும் பொதுவானது. பெற்றோரின் கவலைகளை அது ஏழாக வகுத்தது: கருவியின் தரம், அந்தரங்கத் தகவல்களின் பாதுகாப்பு, டாக்டரோடு கலந்து முடிவெடுக்கும் உரிமை, வசதி, செலவு, மனிதத் தொடர்பு, எல்லோருக்கும் சமமாகக் கிடைக்குமா என்ற நியாயம். கலந்து முடிவெடுப்பதை முக்கியமாகக் கருதியவர்கள் இயந்திரத்தை ஏற்கக் கூடுதலாகத் தயங்கினார்கள்.

இந்த இடத்தில் கட்டுரை உங்களைப் பற்றியதாகிறது. வீட்டில் யாருக்காவது நோய் என்றால், ஆங்கிலத்தில் உள்ள சோதனை அறிக்கையை வாசித்துச் சொல்லும் பொறுப்பு பல குடும்பங்களில் பள்ளி மாணவர் தலையில்தான் விழுகிறது. டாக்டரைப் பார்க்க நாலு நாள் இருக்கிறது. கைப்பேசி பக்கத்தில் இருக்கிறது. உரையாடும் கணிப்பொறி நிரலிடம் 'இந்தப் புற்றுநோய்க்கு என்ன சிகிச்சை?' என்று கேட்கத் தோன்றுவது இயற்கை.

அப்படிக் கேட்டால் என்ன ஆகும் என்று பாஸ்டன் நகர மருத்துவமனை ஒன்றின் ஆய்வாளர்கள் சோதித்து, 2023-இல் வெளியிட்டார்கள். நுரையீரல், மார்பகம், ஆண்களுக்குரிய புராஸ்டேட் சுரப்பி ஆகியவற்றின் புற்றுநோய்கள் பற்றி 104 விதமாகச் சாட்ஜிபிடி நிரலிடம் கேட்டார்கள். ஏறக்குறைய எல்லாப் பதில்களிலும் சரியான சிகிச்சை ஒன்றாவது இருந்தது. ஆனால் மூன்றில் ஒரு பங்குப் பதில்களில், மருத்துவ வல்லுநர் குழுவின் நெறிகளுக்குப் பொருந்தாத சிகிச்சையும் கலந்திருந்தது. 13 பதில்களில், பரிந்துரைக்கப்பட்ட எந்தச் சிகிச்சையிலும் சேராத ஒன்றை நிரல் தானாகவே கற்பனை செய்து சொல்லியிருந்தது.

முழுப் பதிலும் தவறாக இருந்திருந்தால் நாம் தூக்கி எறிந்துவிடுவோம். அரிசியோடு அரிசியாக வெள்ளைக் கல் கலந்திருந்தால்தான் பல் உடைகிறது. அந்த நிரலுக்குப் பின் புதிய நிரல்கள் பல வந்துவிட்டன. ஆயினும், பதில் சரளமாக இருப்பதும் சரியாக இருப்பதும் வேறு வேறு என்பது எந்த நிரலுக்கும் பொருந்தும்.

2024-இல் வெளியான மற்றோர் ஆய்வு இன்னும் சிந்திக்க வைக்கிறது. இணையத்தில் மக்கள் கேட்ட 200 புற்றுநோய்க் கேள்விகளுக்கு மருத்துவர்கள் எழுதிய பதில்களையும் நிரல்கள் எழுதிய பதில்களையும், எது யாருடையது என்று தெரியாதபடி மருத்துவர்களே மதிப்பிட்டார்கள். பரிவு மிகுந்திருந்தவை நிரல்களின் பதில்களே என்றார்கள்! நேரமில்லாத மனிதர் சுருக்கமாக எழுதுகிறார். களைப்பறியாத இயந்திரம் இதமாக எழுதுகிறது. இது மருத்துவ உலகம் வெட்கப்பட்டுத் திருத்திக்கொள்ள வேண்டிய செய்தி. ஆனால் இதமான குரல் என்பதற்காகவே அது சொல்லும் மருந்தை நம்பிவிடலாகாது என்பது நமக்குள்ள பாடம்.

மிகக் கடினமான செய்தி

நோயைக் கண்டுபிடிப்பதோடு நிற்காமல், நோயாளி எவ்வளவு காலம் வாழக்கூடும் என்றும் நிரல்கள் கணிக்கின்றன. கேட்கவே நெஞ்சு பதறுகிறது அல்லவா? இத்தகைய கருவியை எப்படிப் பயன்படுத்துவது?

அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் அதற்கு ஒரு வழி கண்டார்கள். அடுத்த 180 நாள்களுக்குள் இறக்கும் ஆபத்து யாருக்கு மிகுதி என்று நிரல் கணித்தது. அந்த எண்ணை நோயாளியிடம் நீட்டவில்லை. புற்றுநோய் மருத்துவருக்கு மட்டும் நினைவூட்டல் போயிற்று: 'இந்த நோயாளியிடம் அவருடைய விருப்பங்களைப் பற்றிப் பேசினீர்களா?' வீட்டில் இருக்க விரும்புகிறாரா, எதற்கு அஞ்சுகிறார், எது அவருக்கு முக்கியம் என்று மனம்விட்டுப் பேசும் உரையாடல் அது. ஆபத்து மிகுந்தவர்களிடம் அத்தகைய உரையாடல், முன்பு நூறு சந்திப்புகளுக்கு 3.6 என்ற அளவில் இருந்தது; நினைவூட்டல் வந்தபின் 15.2 ஆயிற்று. இம்முடிவு 2020-இல் வெளியாயிற்று.

நல்ல மருத்துவர்கள்கூடத் தள்ளிப்போடும் பேச்சு இது. இயந்திரம் அந்தப் பேச்சைப் பேசவில்லை. பேச வேண்டிய மனிதரைப் பேச வைத்தது. பாஸ்டனில் 45 பேர் கேட்டதும் ஏறக்குறைய இதுதான்.

நாம் கேட்க வேண்டியவை

நம் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ இத்தகைய கருவியை எதிர்கொள்ள நேர்ந்தால், பயப்படவும் வேண்டாம், பரவசப்படவும் வேண்டாம். டாக்டரிடம் மரியாதையோடு சில கேள்விகளைக் கேட்கலாம். இந்த முடிவில் கணிப்பொறிக்குப் பங்கு உண்டா? நம்மைப் போன்றவர்களிடம் இது சோதிக்கப்பட்டிருக்கிறதா? நோயுள்ளவர்களில் எத்தனை பேரை இது தவறவிடுகிறது? நோயில்லாதவர்களில் எத்தனை பேரைப் பயமுறுத்துகிறது? நீங்களும் படத்தைப் பார்த்தீர்களா? நீங்களும் இதுவும் மாறுபட்டால் அடுத்து என்ன சோதனை? முடிவுக்குப் பொறுப்பு யார்? நோயாளியின் தகவல்கள் எங்கே போகின்றன?

கைப்பேசியில் உள்ள நிரலையும் முற்றிலும் ஒதுக்க வேண்டியதில்லை. அறிக்கையில் உள்ள கடினமான சொல்லுக்குப் பொருள் கேளுங்கள். டாக்டரிடம் என்னென்ன கேட்கலாம் என்று கேளுங்கள். கிடைத்ததைத் தாளில் எழுதி எடுத்துச் செல்லுங்கள். ஆனால் பெயர், முகவரி, மருத்துவமனை எண் ஆகியவற்றை அதில் இடாதீர்கள். அது சொன்னதை வைத்து ஒரு மாத்திரையைக்கூடக் கூட்டவோ நிறுத்தவோ செய்யாதீர்கள்.

உங்களில் சிலர் நாளை மருத்துவர் ஆவீர்கள். சிலர் இத்தகைய நிரல்களை எழுதுவீர்கள். இன்னும் பலர், என்றேனும் ஒரு நாள், கட்டிலுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்காருவீர்கள். அந்த நாற்காலியில் இருந்து கேட்கப்படும் கேள்விக்கும் விஞ்ஞானத்தில் இடம் உண்டு. கேட்கத் தயங்காதீர்கள்.